ஐந்தாவது கட்டத்தில் விழுந்த டிக்குகள்

சென்ற மாதம் கீர்த்தனா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, குழந்தைகள் மூட்டுவாதக் கிளினிக்கில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்.

"அக்கா, கருத்துக் கேக்கற ஃபாரமெல்லாம் எடுத்துப்போட்டாங்க. இப்ப மெஷின் வெச்சுட்டாங்க. அஞ்சு மூஞ்சி இருக்குது. அழுவற மூஞ்சியில ஆரம்பிச்சு சிரிக்கிற மூஞ்சி வரைக்கும். போறப்ப ஒண்ண அமுக்கிட்டுப் போகோணும். ஆஸ்பத்திரியிலயே நம்ம கிளினிக்லதான் சிரிப்பு ஜாஸ்தியாமுங்க."

"மெஷின் எங்க இருக்குது?"

"நம்ம ரூமு வாசல்லயேதானுங்க்கா."

"மருந்துச் சீட்டு வாங்கறதுக்கு முன்னால அமுக்கறாங்களா, வாங்கின பொறகா?"

கொஞ்சம் யோசித்தாள். "முன்னாலதானுங்க. அமுக்கிட்டு வந்தாத்தான் சீட்டுன்னு நானே சொல்லியிருக்கறேன். இல்லாட்டி ஆருமே அமுக்காமப் போயிர்றாங்க. ஏனுங்க்கா?"

"அழுவற மூஞ்சிய இதுவரைக்கும் ஆராவது அமுக்கியிருக்காங்களா?"

"ஒரே ஒருத்தருங்க்கா. அது ரெண்டு வயசுக் கொழந்தை. அதுக்கு எட்டுனது அந்த மூஞ்சிதான்."

சிரித்துவிட்டு, செவிலியர் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டாள். எதைப் பற்றி என்று கேட்டேன். பெற்றோர் திருப்தியைப் பற்றி எழுதினால் போதும், அதில்தான் நமக்குப் பரிசு என்றாள். எழுதுகிறேன். ஆனால் பரிசு வாங்கியதைப் பற்றி அல்ல.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. எங்கள் வீட்டுப் பாலில் பதினைந்து வருடமாக லாக்டோமீட்டர் விட்டுப் பார்க்கிறேன். பால்காரர் மூன்று பேர் மாறிவிட்டார்கள், கருவி மாறவில்லை. பயிற்சிக் காலத்தில் ஒரு மூத்த செவிலியர், மருந்து கொடுத்ததாக எழுதிவிட்டுக் கொடுக்காமல் போனதைக் கண்ணால் பார்த்தேன். அன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். நேரம், பெயர், என்ன செய்தேன், யார் என்ன சொன்னார்கள் என்று நாலைந்து வரிகள். பயிற்சி முடிந்து மகப்பேறு வார்டு, அறுவை அரங்கு, குழந்தைகள் வார்டு என்று இருபது வருடங்கள் ஓடின. அவற்றைப் பற்றி இங்கே சொல்ல எதுவும் இல்லை. டாக்டர் நஸீமா வந்து புதன்கிழமை கிளினிக்கைத் தொடங்கியபோது என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்னை என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க யாரையும் நம்ப மாட்டீங்கன்னு சொன்னாங்க. எனக்கு அப்படி ஒருத்தர் வேணும்" என்றார்.

நாள்பட்ட மூட்டுவாதம் பெரியவர்களுக்கு வரும் நோய் என்றுதான் இங்கே பலரும் நினைக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தையின் முழங்கால் வீங்கினால் விழுந்திருப்பாள் என்று எண்ணெய் போட்டு நீவுவார்கள், பிறகு கட்டுப் போடுவார்கள். எங்களிடம் வந்து சேரும்போது ஆறு மாதமாவது ஓடியிருக்கும்.

டாக்டர் நஸீமா கோயமுத்தூர்க்காரர். கோட்டைமேட்டுப் பக்கம் தராசும் எடைக்கல்லும் விற்ற குடும்பம். அவர் குழந்தையைப் பார்க்கும் முறை எனக்கு இன்னும் வரிசையாக நினைவிருக்கிறது. முதலில் சூடான டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். டீ குடிப்பதற்கு அல்ல, கை குளிர்ந்திருந்தால் குழந்தை மூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதற்காக. வீங்கிய மூட்டைக் கடைசியில்தான் தொடுவார். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு மூட்டாக வருவார். நான் மூட்டுகள் வரைந்த படத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். "வலிக்குதா" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"காலையில செருப்பு ஆரு மாட்டிவுட்டாங்க கண்ணு?"

"அம்மா."

"போன மாசம்?"

"நானே."

அவ்வளவுதான். நோய் திரும்பிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பெற்றோர் குறுக்கே வந்து, "இல்லீங்க மேடம், நல்லாத்தானுங்க இருக்கறா" என்றால் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்துவார். குழந்தை சொல்லி முடித்த பிறகுதான் பெரியவர்கள் முறை. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் கொடுக்க வேண்டிய மாத்திரை ஒன்று உண்டு. தினமும் கொடுத்தால் ஆபத்து. அதை எந்தக் கிழமை கொடுக்க வேண்டும் என்று தாயையே மூன்று முறை சொல்ல வைப்பார். மூன்றாவது முறை தாய்க்குச் சிரிப்பு வரும். சிரிப்பு வந்தால் மறக்காது என்பார்.

ஆனால் பெற்றோர் கருத்துப் படிவத்தை மட்டும் அவர் பார்ப்பதே இல்லை. மேஜைக்கு வந்தால் கவிழ்த்து வைத்துவிடுவார். "அது என்னைப் பத்தினது சிஸ்டர். எனக்குக் கொழந்தையப் பத்தினது போதும்."

படிவம் என் பொறுப்பு. எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் 'மிகவும் அதிருப்தி', ஐந்தாவது 'மிகவும் திருப்தி'. மற்ற கிளினிக்குகளில் பாதிப் படிவம் கூடத் திரும்பி வராது என்று குவாலிட்டி ஆபீசில் புலம்புவார்கள். என்னிடம் ஒன்றுகூடத் தவறாது. என் வழி எளிது. மாத மருந்துக்கான சீட்டு என் மேஜையில் இருக்கும். படிவம் வந்த பிறகுதான் சீட்டு போகும். பலர், "நீங்களே போட்டுருங்க சிஸ்டர்" என்பார்கள். நான் கேள்வியைப் படிப்பேன், அவர்கள், "நல்லா இருக்குதுங்க" என்பார்கள், நான் ஐந்தாவது கட்டத்தில் டிக் போடுவேன். ஒரு படிவத்துக்கு ஒன்றரை நிமிடம். இந்த ஒழுங்கில் எனக்குப் பெருமை இருந்தது.

மாதக் கடைசியில் அறிக்கை வரும். எல்லாக் கேள்விக்கும் எல்லோரும் மிகவும் திருப்தி. அதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. விடியுமுன் பஸ் ஏறி வந்து, வலிக்கிற குழந்தையை மடியில் வைத்து நாலு மணி நேரம் காத்திருக்கும் ஒருவர்கூட, 'காத்திருக்கும் நேரம்' என்ற கேள்விக்குக் குறை சொல்லவில்லை. மனிதர்கள் அப்படி இருக்க மாட்டார்கள்.

முதல் சந்தேகம் குவாலிட்டி ஆபீஸ் செந்தில்குமார் மீது. நல்ல படிவமாகப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறார் என்று நினைத்தேன். ஒரு மாதம் முழுக்க ஒவ்வொரு படிவத்தின் மூலையிலும் பென்சிலில் சிறு புள்ளி வைத்து, எண்ணிக்கையையும் டிக்குகளையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். அறிக்கை வந்ததும் போய், அசல் படிவங்களைக் கேட்டேன்.

"எதுக்குங்க சிஸ்டர்?"

"சும்மா. சரிபாக்கத்தான்."

"சும்மா சரிபாக்கறவங்க மூலையில புள்ளி வெப்பாங்களா?" என்று படிவக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "மொத வாரமே பாத்துட்டேனுங்க. எறும்பு கடிச்சாப்பல ஒரு புள்ளி. நானும் எண்ணி வெச்சிருக்கறேன். உங்க எண்ணிக்கையும் என் எண்ணிக்கையும் ஒண்ணா இருக்குதான்னு சொல்லுங்க, நானும் நிம்மதியாப் போறேன்."

இரண்டும் சரியாக ஒத்துப்போயின. அவர் கோபித்துக்கொள்ளாமல் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

அடுத்த சந்தேகம் பெற்றோர் மீது. அதற்குக் காரணம் அன்னூரிலிருந்து வந்த ஒரு பையன். மூட்டு வீக்கம் திடீரென்று வடிந்து, கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு வந்தான். எங்கள் மருந்தில் அப்படி ஆகாது. அப்பா, "உங்க மாத்திரைதானுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்று சத்தியம் செய்தார். படிவத்தில் எட்டுக் கேள்விக்கும் ஐந்தாவது கட்டம். டாக்டர் பையனிடம், "கசக்கற மாத்திரை எத்தன, இனிக்கற மாத்திரை எத்தன" என்று கேட்டதும், பெயர் இல்லாத பொட்டலத்தில் ஒரு வெள்ளை மாத்திரை தினமும் வேறொருவரிடம் வாங்குவது வெளியே வந்தது. ஸ்டீராய்டு. அன்று நாட்குறிப்பில், 'திருப்தி என்று சொல்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அதன் பிறகு பைகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். மருந்து அட்டையில் மிச்சம் எத்தனை என்று எண்ணினேன். பெற்றோர் சிரித்தபடியே பையை நீட்டுவார்கள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

இந்த மனநிலையில் நான் இருந்தபோதுதான் தாரிணி வந்தாள்.

ஐந்து வயது. இடது முழங்கால் மட்டும் வீங்கியிருந்தது. பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு கிராமம். அப்பா கொப்பரை உலர்த்தும் களத்தில் வேலை. அம்மா பூங்கொடிதான் அழைத்து வருவார். ஒல்லியான பெண், எப்போதும் சேலைத் தலைப்பால் வாயை மூடியபடி பேசுவார். வரும்போதெல்லாம் தேங்காய் கொண்டுவருவார். வேண்டாம் என்றாலும் மேஜைக்குக் கீழே வைத்துவிட்டுப் போவார். நான் எண்ணி, சமையலறைக்கு அனுப்பி, அதையும் குறித்து வைப்பேன்.

தாரிணிக்கு இருந்த வகை மூட்டுவாதத்தில் முழங்காலைவிடக் கண்ணுக்குத்தான் ஆபத்து. கண்ணுக்குள் அழற்சி வரலாம். சிவக்காது, வலிக்காது, தண்ணீர் வடியாது. பார்வை குறைவது அந்த வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் மருத்துவர் மெஷினில் முகவாயை வைக்கச் சொல்லி, ஒளி பாய்ச்சிப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் மருத்துவமனையில் குழந்தைகளுக்கு அதை வெள்ளிக்கிழமை மட்டும் பார்த்தார்கள், வேறு கட்டடத்தில். அதாவது புதன் ஒருமுறை, வெள்ளி ஒருமுறை, இரண்டு முறை பொள்ளாச்சியிலிருந்து வர வேண்டும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. அதில் கண்ணுக்கு ஒரு பக்கம். கண் பிரிவின் சீல் விழும், அதன் கீழே மருத்துவர் தன் குறிப்பை எழுதுவார். என் சரிபார்ப்புத் தாளில் 'கண் சீல் உண்டா?' என்று ஒரு வரி வைத்திருந்தேன். சீல் இருந்தால் டிக்.

தாரிணியின் முழங்கால் நன்றாக வடிந்தது. ஓடினாள். கிளினிக் வராந்தாவில் நொண்டி விளையாடி என்னிடம் திட்டு வாங்கினாள். பூங்கொடி ஒவ்வொரு முறையும், "ரொம்பத் திருப்திங்க சிஸ்டர், எங்க கொலதெய்வமாட்ட இருக்கறீங்க" என்பார். மூன்று சீல்கள் விழுந்தன, மூன்று டிக்குகள் போட்டேன்.

நாலாவது முறை கண் பக்கத்தைத் திருப்பியபோதுதான் கவனித்தேன். முதல் சீலுக்குக் கீழே மட்டும்தான் எழுத்து இருந்தது. அடுத்த இரண்டுக்கும் கீழே வெறும் தாள். ஆறு மாதத்துக்கு மேல் யாரும் அவள் கண்ணைப் பார்த்ததற்கு ஆதாரம் இல்லை.

கண் கட்டடத்தில் தங்கள் ஊர்க்காரர் ஒருவர் உதவியாளராக இருக்கிறார் என்று பூங்கொடி முன்பு சொல்லியிருந்தார். எனக்குக் கணக்கு உடனே முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வர அலுத்துக்கொண்டு, அவர் மூலம் சீல் மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். அப்போது கூடத்தில் முப்பது பேராவது உட்கார்ந்திருந்தார்கள்.

"பூங்கொடி, வெள்ளிக்கிழம கண் டாக்டரப் பாத்தீங்களா?"

"வந்திருந்தோமுங்க சிஸ்டர்."

"வந்தீங்களான்னு கேக்கல. பாத்தீங்களா?"

குழந்தையைப் பார்த்தார், பிறகு நோட்டைப் பார்த்தார். "சீல் வெச்சுக் குடுத்தாங்களுங்க."

"சீல் ஆரு வேணாலும் வெச்சுக் குடுப்பாங்க. உங்க ஊர்க்காரருதான் அங்க இருக்காரே. வராமயே வாங்கிக்கலாம்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பூங்கொடியின் முகம் வெளுத்தது. சேலைத் தலைப்பை இன்னும் இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

"தப்புதானுங்க சிஸ்டர். இனிமே சரியா வந்தர்றமுங்க."

நான் நேரத்தைப் பார்த்து எழுதினேன்: '11.20. கண் பரிசோதனைக்குச் செல்லாததைத் தாய் ஒப்புக்கொண்டார்.'

அன்று டாக்டர் வார்டில் ஓர் அவசரத்தில் இருந்தார். நேரம் வீணாக வேண்டாமென்று படிவங்களை முதலிலேயே நிரப்பத் தொடங்கினேன். பூங்கொடி முறை வந்தது. ஆறாவது கேள்வி, 'கண், இரத்தப் பரிசோதனை போன்ற பிற பிரிவுகளின் சேவை'. "எல்லாத்துலயும் நல்லதுலயே போட்டுருங்க சிஸ்டர்" என்றார். போட்டேன். எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 'செவிலியரின் அணுகுமுறை' என்ற கேள்விக்கும் ஐந்து. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டாக்டர் வந்ததும் நடந்ததைச் சொல்லி நோட்டை நீட்டினேன். அவர் கண் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். தாயிடம் எதுவும் கேட்கவில்லை. டீ டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு தாரிணி பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழம எங்க போனீங்க கண்ணு?"

"கண்ணு ஆஸ்பத்திரிக்கு."

"அங்க என்ன பண்ணீங்க?"

"பெஞ்சுல உக்காந்திருந்தோம். அந்த அண்ணன் புக்குல டொப்புன்னு குத்துனாரு. அப்பறம் அம்மா பன்னு வாங்கிக் குடுத்துச்சு."

"மெஷின்ல மூஞ்சி வெச்சயா?"

"மொத மொத வந்தப்பதான் வெச்சேன். அப்பறம் இல்ல. டாக்டர் ஊருக்குப் போயிட்டாராமா. அடுத்த தடவ வரச் சொன்னாங்க."

டாக்டர் பூங்கொடியைப் பார்த்தார். பூங்கொடி தலைகுனிந்து நின்றார். பிறகு மெதுவாக, "முகாமுக்குப் போயிட்டாருன்னு சொன்னாங்களுங்க மேடம். ரெண்டு தடவையும் பொழுது சாயற வரைக்கும் இருந்து பாத்தமுங்க. பரவால்லீங்க, அவங்களுக்கும் எத்தனையோ வேல இருக்குமுங்க" என்றார்.

"அத ஏம்மா இங்க சொல்லல?"

"உங்க ஆஸ்பத்திரியப் பத்தி உங்ககிட்டயே எப்படிங்க மேடம் சொல்றது? நீங்க எல்லாரும் தங்கமாப் பாக்கறீங்க."

சீல் என்பது வந்ததற்கு அடையாளமாகக் கவுன்டரில் முதலிலேயே குத்தப்படுவது. பார்த்ததற்கு அல்ல. எட்டு வருடம் அந்த மருத்துவமனையின் நோட்டுகளைச் சரிபார்த்தவள் நான். எனக்கு அது தெரியாது.

டாக்டர் எழுந்து, கூடத்தில் இருந்தவர்களிடம் அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தாரிணியின் கையைப் பிடித்து நடந்தார். நோட்டுடன் நானும், துணிப்பையுடன் பூங்கொடியும் பின்னால். கண் மருத்துவர் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். டாக்டர் அவரிடம் சத்தம் போடவில்லை. "ரெண்டு நிமிஷம், இந்தக் கண்ண மட்டும் பாத்துச் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

தாரிணி ஸ்டூலில் மண்டியிட்டு முகவாயை வைத்தாள். இடது கண் சீக்கிரம் முடிந்தது. வலது கண்ணில் அவர் நின்றுவிட்டார். ஒளியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பிறகு எங்களையும் பார்க்கச் சொன்னார். வட்டமாக இருக்க வேண்டிய கண்மணி ஒரு பக்கம் இழுபட்டு, பின்னாலிருக்கும் வில்லையோடு ஒட்டியிருந்தது. அதற்கு முன்னால் இருந்த திரவத்தில் தூசி போல ஏதோ மிதந்தது.

"மாசக்கணக்கா இருக்குது இது" என்றார். "இடையில ஆரு பாத்தது?"

நான் நோட்டின் கண் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

அன்றே சேர்த்தோம். மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து. கண்மணியை விரித்து, ஒட்டியதைப் பிரிக்க இன்னொரு சொட்டு. தாரிணி இரண்டாம் நாளிலிருந்து சொட்டு மருந்தைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள். பூங்கொடி அடியில் தலையை நீட்டி, "வெளிய வா அம்மணி, சிஸ்டர்கிட்ட வெய்யாதீங்க, திட்டாதீங்கன்னு நாஞ் சொல்றேன்" என்பார். ஒட்டியது பிரியுமா, பார்வை எவ்வளவு நிற்கும் என்று மூன்று வாரம் யாராலும் சொல்ல முடியவில்லை. நான் தினமும் என் வேலை முடிந்ததும் வார்டுக்குப் போய் நின்றுவிட்டு வருவேன். பூங்கொடி எழுந்து எனக்கு நாற்காலி போடுவார். நான் உட்கார்ந்ததில்லை.

அவளைச் சேர்த்த அந்தப் புதன்கிழமை மாலையே, டாக்டர் என்னைக் கூப்பிட்டு நாட்குறிப்பைக் கொண்டுவரச் சொன்னார். காலை எழுதியதைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"தாய் ஒப்புக்கொண்டார்னு எழுதியிருக்கீங்க. என்னத்த ஒப்புக்கிட்டாங்க?"

அந்த வரியின் மேல் விரலை வைத்தேன்.

"நீங்க சந்தேகப்பட்டது தப்பில்ல சிஸ்டர். நோட்ட மறுபடியும் பாத்தீங்களே, அதனாலதான் இன்னைக்காவது தெரிஞ்சுது. ஆனா உங்க சந்தேகமெல்லாம் ஏன் எப்பவும் மேஜைக்கு அந்தப் பக்கமே போகுது?"

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒரு கையில் மருந்துச் சீட்டு, மறு கையில் படிவம். கேள்வி யாரைப் பற்றியதோ, கேட்பவளும் அவளேதான். பேனாவும் அவள் கையில். எதிரே நிற்பவருக்கு அந்தச் சீட்டு இல்லாமல் ஊர் திரும்ப முடியாது. அந்த நிலையில் எங்கள் பக்கத்து மனிதர் யார்தான் முகத்துக்கு நேரே குறை சொல்வார்? சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூட, "நல்லா இருக்குதுங்க, சித்த உப்பு மட்டும் எட்டிக் குடுங்க" என்று சொல்லும் ஊர் இது. படிவங்களை யாரோ திருத்துகிறார்கள் என்று ஊரெல்லாம் தேடிய நான், அத்தனை டிக்குகளையும் என் கையால்தான் போட்டிருந்தேன்.

அதன் பிறகு மருந்துச் சீட்டை முதலில் கொடுத்தோம். படிவத்தை எங்கள் கிளினிக்கைச் சேராத ஒருவர் வேறு அறையில் கேட்டார். 'திருப்தியா' என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். 'சென்ற வெள்ளிக்கிழமை மெஷினில் பார்த்தார்களா, எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், திரும்பி அனுப்பினார்களா' என்று மட்டும் கேட்டோம். கண் பிரிவு புதன்கிழமைக்கே மாறியது, சீல் பரிசோதனை முடிந்த பிறகு விழுந்தது. எங்கள் கிளினிக்கின் மதிப்பெண் சரிந்தது. அந்த வருடம் பரிசு பல் பிரிவுக்குப் போனது. செந்தில்குமார் மட்டும், "இப்பத்தானுங்க சிஸ்டர் மனுசங்க எழுதுன மாதிரி இருக்குது" என்றார்.

நான் ஓய்வு பெறும் வருடத்தில் நிர்வாகம் பழைய எட்டுக் கேள்விகளையே திரும்பக் கொண்டுவந்தது. மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிட வேண்டுமாம். இப்போது மூஞ்சி மெஷின். கீர்த்தனா, மெஷின் மீது எனக்குக் கோபம் இல்லை. சீட்டை முதலில் கொடுத்துவிட்டு, அதை வெளி வாசலுக்குப் பக்கத்தில், உன் கண்ணுக்குப் படாத இடத்தில் வை. பிறகு வருகிற சிரிப்பைப் பற்றி என்னிடம் சொல். அப்போதும் நான் முழுதாக நம்புவேன் என்று உறுதி தர முடியாது.

தாரிணியின் இடது கண் முழுதாக நின்றது. வலது கண்ணில் ஒட்டியது பாதிதான் பிரிந்தது. பலகையில் பெரிய எழுத்து தெரியும், புத்தகத்து எழுத்து தெரியாது. இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது, அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்பதற்காகப் பூங்கொடிக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்ற பிறகு முதல் முறை.

"ஏனுங்க சிஸ்டர், நல்லா இருக்கறீங்களா? எழுதிக்குங்க, அதுக்கென்னுங்க. எங்க பேர மட்டும் மாத்திப் போட்டுருங்க."

"சரிங்க. பூங்கொடி, அன்னைக்கு நடந்ததுல எம்மேல உங்களுக்கு வருத்தம் இருந்துதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க இல்லாட்டி இன்னொரு கண்ணும் போயிருக்குமுங்க."

"நான் இப்ப ஆஸ்பத்திரியில இல்லீங்க. இனி போகவும் மாட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. அதை நிறுத்தினார்.

"இருந்துச்சுங்க" என்றார். குரல் மாறியிருந்தது. "வராமயே சீல் வாங்கிட்டோம்னு சொல்லிப்போட்டீங்க. அந்த ரெண்டு வெள்ளிக்கிழமையும் நேரமே நாலு மணிக்கு எந்திரிச்சு, புள்ளையத் தூக்கத்துலயே தோள்ல போட்டுட்டு வந்தனுங்க. அத்தன பேரு முன்னால சிரிச்சாங்க. ஊட்டுக்காரர்கிட்டக்கூட நான் இதச் சொல்லல. நீங்க வார்டுக்கு வந்து வந்து நின்னீங்க. ஒருக்காக்கூடத் தப்பா நெனச்சுட்டேன் பூங்கொடின்னு சொல்லலீங்க. நாற்காலி போட்டாலும் உக்கார மாட்டீங்க. எங்க ஊட்டுச் சீக்கு ஒட்டிக்குமோன்னு நெனைக்கறீங்கன்னு எங்கம்மா சொல்லுச்சுங்க."

நான் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.

"நான் தப்பா நெனச்சுட்டேன் பூங்கொடி" என்றேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"லைன்ல இருக்கறீங்களா சிஸ்டர்?"

"இருக்கறேன் அம்மணி."

"இன்னும் இருக்குதுங்க" என்றார்.

"சொல்லுங்க."